இருநூற்றுப் பன்னிரண்டு சங்கிலி

அவளுடைய உண்மைப் பெயர் நில அளவை அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் சங்கிலியக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட வாசலில் நின்று, "சங்கிலியக்கா, கடிதாசி" என்றுதான் கூப்பிடுவார்.

பெயர் வந்த கதை சின்னது. பத்தொன்பது வயதில் அவள் அந்த அலுவலகத்தில் சங்கிலி பிடிக்கும் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். அறுபத்தாறு அடி நீளமுள்ள இரும்பு அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள், சேறு, ஓடை எதையும் பாராமல் நேராக நடக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அதுவரை ஒரு பெண்ணும் அதற்கு வந்ததில்லை. அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது ஆம்பளைங்க வேலைம்மா."

"விளம்பரத்துல அப்படிப் போடலயே சார். உயரம் அஞ்சேகால் அடின்னு போட்டிருந்தீங்க, நான் அஞ்சரை. பார்வை நல்லா இருக்கணும்னு போட்டிருந்தீங்க, இருக்கு. கூப்பிட்டா ரெண்டு வயல் தாண்டிக் கேக்கணும்னு போட்டிருந்தீங்க."

சொன்னதோடு நிற்காமல் ஒரு குரல் கொடுத்தும் காட்டினாள். மாடியில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர் மைக்கூட்டைத் தட்டிவிட்டார். ஒரு கிராமத்தின் வடக்கெல்லை முழுக்க நீலமாகிப் போனது. வேலை கிடைத்துவிட்டது. எட்டு வருடம் சங்கிலி பிடித்தாள். அதற்குள் தேர்வுகளையும் எழுதித் தேறி, இருபத்தேழு வயதில் சர்வேயர் ஆனாள். பட்டப்பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கல்யாணம்கூட ஓர் அளவுத் தகராறில்தான் தொடங்கியது. காலையில் அவள் ஏறும் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டித்தான் நிற்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"நிறுத்தம் அங்க இருக்கு. நீங்க நிக்கிறது நாப்பத்தோரு அடி தள்ளி."

"நாப்பத்தோரு அடி நடந்தா கால் தேஞ்சிடுமா?"

"எனக்குத் தேயாது. ஊன்றுகோலோட வர்ற அந்தப் பெரியவருக்குத் தேயும்."

மறுநாள் பேருந்து கம்பத்துக்கு நேராக வந்து நின்றது. ஒரு வருடத்தில் ஓட்டுநர் அவளுக்குக் கணவராகிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கூடவே அவருடைய தங்கை. அந்த நாத்தனார் மாவட்ட மன்றத் தலைவரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். மூன்று பேரும் மூன்று நேரத்தில் வெளியே போய் மூன்று நேரத்தில் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள்.

அந்த வீட்டில் ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை இருந்தது: 'சுமார்'. "சுமாரா எட்டு மணிக்கு வந்துடுவேன்" என்று கணவர் சொன்னால், "எட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேள்வி வரும். "உங்க அண்ணி சோத்தையும் ஸ்கேல் வெச்சுத்தான் போடுவா" என்று அவர் தங்கையிடம் கண்ணடிப்பார். சங்கிலியக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். அளவு சரியாக இருந்தால் சண்டைக்கு இடமில்லை என்பது அவள் கட்சி. வரப்புத் தகராறில் அரிவாளோடு வந்து நின்றவர்களை அவள் முளைக்குச்சியோடு போய்ப் பிரித்துவிட்டிருக்கிறாள். அவள் வரப்பில் குச்சி ஊன்றினால் அதை மறுத்துப் பேச ஒருத்தர் வாயும் எழும்பாது.

அவளுக்கு நாற்பத்தோரு வயதானபோது அந்தச் சம்பவம் நடந்தது.

அது வயலும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கும் மாவட்டம். பெரிய ஊர் ஒன்று, மற்றதெல்லாம் சிற்றூர்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட நான்கைந்து பழைய அடையாளங்கள் உண்டு. ஆற்றின் மேல் ஐந்து வளைவுள்ள கல்பாலம், அங்கிருந்து நேர்ரோட்டில் அரை மைல் தள்ளிப் பழைய சுங்கச் சாவடி, மேட்டில் இறக்கை ஒடிந்த காற்றாலை, மணிக்கூண்டு வைத்த நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றங்கரையில் முன்னோடி சிலை. குதிரைமேல் ஒருவர் உட்கார்ந்து தரையைச் சுட்டிக் காட்டுவார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒருவரும் குடியிருக்காத காட்டுக்குள் தனியாக வந்து முதல் வீடு கட்டியவர் அவர்; அவருக்குப் பின்னால்தான் ஊர்கள் உண்டாயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் பாடம் இது. மாவட்ட மன்றத் தலைவர் அந்த முன்னோடியின் நேர்வாரிசு. சிலைக்கும் அவருக்கும் மூக்கு ஒரே அச்சு.

நூற்றைம்பதாவது ஆண்டு வந்தது. சிலைக்குப் பக்கத்தில் ஒரு தூண் எழுப்புவது, பள்ளிகளுக்கெல்லாம் மாவட்ட வரலாற்றுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது என்று மன்றம் முடிவு செய்தது. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும். 'இம்மாவட்டத்தின் முதல் குடியிருப்பு அமைந்த இடம் இதுவே' என்று எழுதி, கீழே சர்வேயரின் கையெழுத்தும் முத்திரையும். அந்தக் கோப்பு சங்கிலியக்காவின் மேசைக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அரை மணி நேரத்தில் வரைந்து கொடுத்திருப்பார்கள். அவள் பதிவறைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரும்பு அடுக்குகளில் துணி சுற்றிய வரைபடங்கள், பூச்சி உருண்டை வாசம், மேலே ஒரு மங்கிய பல்பு. வீடு கட்டிய வருடத்து ஆவணம் ஏதாவது கிடைக்கும் என்று தேடினாள். கிடைத்தது, அதற்கு ஒன்பது வருடம் முந்திய ஒரு களப் புத்தகம். உள்ளங்கை அகலம், தோல் அட்டை, பென்சில் எழுத்து. அரசாங்கம் முதன்முதலாக அந்தப் பக்கம் அளக்க அனுப்பிய யாரோ ஒரு சர்வேயர் எழுதியது.

முப்பத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'ஆற்று நடுவில் மாடு படுத்ததுபோல் பாறை. அதன் தலையில் சிலுவைக்குறி வெட்டினோம். அங்கிருந்து வடமேற்காக இருநூற்றுப் பன்னிரண்டு சங்கிலி தூரத்தில் ஒரு குடியிருப்பின் கிணறு. பத்துக் குடிசைகள். சுண்ணாம்பு சுடுகிறார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.'

அவள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். கடைசி இரண்டு வார்த்தைகளை நாலாவது முறையும் படித்தாள். களப் புத்தகத்தில் தூரத்தையும் கோணத்தையும் தவிர வேறெதையும் யாரும் எழுதுவதில்லை. அந்த மனிதருக்கு எவ்வளவு தாகம் எடுத்திருந்தால் அதைப் போய் எழுதியிருப்பார்!

மறுநாள் அவள் தலைவரின் அறையில் நின்றாள். அடுத்த அறையில் நாத்தனாரின் தட்டச்சு ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வாசகத்துல நான் கையெழுத்துப் போட முடியாதுங்கய்யா. உங்க கொள்ளுத்தாத்தா வர்றதுக்கு ஒன்பது வருசம் முன்னாடியே இங்க பத்துக் குடிசை இருந்திருக்கு."

தலைவர் கெட்டவர் இல்லை. சாலை போட்டவர், பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியவர். ஆனால் குலப்பெருமை என்று வந்தால் தராசின் ஒரு தட்டில் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும் ரகம்.

"யாரோ பென்சில்ல கிறுக்கி வெச்சதுக்காக நூத்தம்பது வருசச் சரித்திரத்த மாத்தச் சொல்றீங்களா?"

"கிறுக்கல் இல்லைங்க, அளவு. அந்தப் பாறை இன்னைக்கும் இருக்கு. குறியும் இருக்கு. கிணறு எங்கன்னு நான் காட்டுறேன்."

"தோண்டி?"

"தோண்டி."

தட்டச்சு ஓசை நின்றுபோயிருந்தது. தலைவர் சிரித்தார். "சரி, தோண்டுங்க. ஊரைக் கூட்டியே தோண்டுங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் வெடித்தாள். "அண்ணி, நான் அங்கதான் வேலை பாக்குறேங்கிறது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா? நீங்க கதவச் சாத்திட்டுப் போனதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! உங்களுக்கு ஒரு கிணறு, எனக்கு வேலைல்ல போகும்!"

"வேலை போகாது. கிணறு அங்க இருக்கு."

"இல்லேன்னா?"

"இருக்கு."

அந்த ஒற்றை வார்த்தைக்கு மேல் அவளிடம் எதுவும் பெயராது என்று கணவருக்குத் தெரியும். அவர் தட்டிலேயே கண்ணாக இருந்தார்.

அவள் பாறையிலிருந்து கிளம்பி, கருவியும் எஃகு டேப்பும் இரண்டு ஆட்களுமாக ஆறு நாள் அளந்துகொண்டு போனாள். காந்த ஊசி காட்டும் வடக்கு வருடத்துக்கு வருடம் சற்று நகரும். அந்தக் கணக்கையும் விடாமல் சேர்த்துக்கொண்டாள். கோடு போய் முடிந்த இடம் அறுவடை முடிந்த ஒரு வெங்காயக் கொல்லை. குச்சியை ஊன்றினாள். கொல்லைக்குச் சொந்தக்காரரான வெங்காயக்காரர் தனிக்கட்டை, வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர்.

"தாராளமா தோண்டுங்க. கிணறு வந்தா தண்ணி எனக்கு, பேரு உங்களுக்கு."

சனிக்கிழமை காலை ஊரே திரண்டு நின்றது. சாலைப் பணியாளர்கள் நான்கு பேர் எட்டடிக்கு எட்டடி சதுரமாக வெட்டினார்கள். மூன்றடி, ஐந்தடி, ஏழடி. சிவந்த கன்னி மண். மனிதக் கை பட்ட சுவடே இல்லை. ஒரு சில்லு இல்லை, ஒரு கரித்துண்டு இல்லை. பதினோரு மணிக்குத் தலைவர் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"மலையைக் கெல்லி எலியப் பிடிச்சாங்கன்னு சொல்வாங்க. இங்க எலியையும் காணோமே!"

சிரிப்பு வயல் முழுக்கப் பரவியது. வெங்காயக்காரர்கூடச் சிரித்துவிட்டுப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சங்கிலியக்கா பள்ளத்துக்குள் இறங்கி, மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள்.

"மூடிடுங்க" என்றாள் ஆட்களிடம். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் ஆறு நாள் அளவையும் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் ஊன்றிய குச்சி பொய்த்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு வாரத்துக்குள் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மலையடிவாரக் கிளைக்கு மாற்றல். நாத்தனார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கணவர் மட்டும் வழக்கம்போல இருந்தார். ஒரு நாள் காலை டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"தப்பு நடந்திருக்கும்னு உனக்குத் தோணுதா?"

"தப்பு நடந்திருக்கு. எங்கிட்ட இல்ல, அந்தப் புத்தகத்துகிட்டயும் இல்ல. அப்போ நடுவுல எங்கயோ இருக்கு."

"கண்டுபிடிச்சிடுவியா?"

"பின்ன?"

அவர் பேருந்தை எடுக்கப் போய்விட்டார். அவள் அடுப்படியில் நின்றபடி யோசித்தாள். புத்தகம் எழுதியவர் ஏமாற்றவில்லை. தண்ணீர் கொடுத்ததைக்கூட மறக்காமல் எழுதிய மனிதர் தூரத்தில் பொய் சொல்ல மாட்டார். எண்ணிக்கையில் ஒன்றை விட்டிருப்பாரா? ஒவ்வொரு பத்துக்கும் தனியாக ஓரக்கோடு போட்டு வைத்திருக்கிறார். அதுவும் இல்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான். எட்டு வருடம் அவள் கையில் பிடித்து நடந்த பொருள்.

சங்கிலி தேயும். நூறு கண்ணி, கண்ணிக்குக் கண்ணி வளையம். இழுக்க இழுக்க ஒவ்வொரு வளையமும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, மொத்தத்தில் சங்கிலி நீண்டுபோகும். அதனால்தான் அலுவலகத் தரையில் இரண்டு பித்தளைக் குறி பதித்து, மாதம் ஒரு தடவை அதில் விரித்துச் சரிபார்ப்பார்கள். அந்தப் பழைய சர்வேயர் இரண்டு வருடம் காட்டிலேயே கிடந்தவர். அவருக்குத் தரை ஏது, பித்தளைக் குறி ஏது? நீண்டுபோன சங்கிலியைத்தான் அவர் அறுபத்தாறு அடி என்று நம்பிப் போட்டுக்கொண்டே போயிருப்பார். அவர் எழுதிய தூரத்தைவிட உண்மையான தூரம் அதிகமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு அதிகம்? அதுவும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். அன்று முழுக்கப் பதிவறையில் உட்கார்ந்து புரட்டினாள். நாற்பதாம் பக்கத்தில் கிடைத்தது: 'கல்பாலத்தின் கிழக்குத் தூணிலிருந்து சுங்கச் சாவடி வாசற்படி வரை நாற்பது சங்கிலி.' பாலமும் இருக்கிறது, படியும் இருக்கிறது. காட்டைக் கடந்து போகும் வழிப்போக்கர்களுக்காக முன்னோடி வருவதற்கும் முன்பே கட்டிய அந்த இரண்டும் அதற்குப் பிறகு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் மட்டும் கணவருக்கு அன்றும் வேலை. அவள் டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நாத்தனார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எட்டு நாளில் முதல் பேச்சு.

"மறுமுனைய யார் பிடிப்பாங்க?"

"கல்லு வெச்சுக்குவேன்."

"கல்லு பிடிச்ச அளவை நீங்களே ஒத்துக்க மாட்டீங்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நடங்க, நடங்க. வெயிலேறுறதுக்குள்ள முடிச்சுடலாம். ஆனா ஒண்ணு அண்ணி, கோவம் இன்னும் போகல."

"கோவத்தோடயே இழுத்துப் பிடி. டேப்பு தொய்யாம இருக்கும்."

நேர்ரோட்டில் இரண்டு பெண்களும் குனிந்தும் நிமிர்ந்தும் போவதை வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். போகும்போது ஓர் அளவு, வரும்போது ஓர் அளவு. நாத்தனார் தன் சுருக்கெழுத்து நோட்டில் குறித்துக்கொண்டாள். நாற்பது சங்கிலிக்குக் கணக்குப்படி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது அடி வர வேண்டும். வந்ததோ இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு அடி, எட்டு அங்குலம்.

"பதினாறு அடி எட்டு அங்குலம் கூட" என்றாள் நாத்தனார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்து வகுத்துப் பார்த்தாள். "இருநூறு அங்குலம். நாப்பதால வகுத்தா, சங்கிலிக்கு அஞ்சு அங்குலம்." பென்சில் ஒரு கணம் நின்றது. "இருநூத்துப் பன்னெண்டு அஞ்சு... ஆயிரத்து அறுபது. அண்ணி! எம்பத்தெட்டு அடி நாலு அங்குலம்!"

"அவ்வளவுதான்" என்றாள் சங்கிலியக்கா. நோட்டை வாங்கி அவளும் ஒரு முறை வகுத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மூடிய பள்ளத்திலிருந்து அதே திசையில் எண்பத்தெட்டு அடி நாலு அங்குலம் அளந்தார்கள். அறுபதாவது அடியில் கம்பிவேலி குறுக்கிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம், ஏழெட்டு மாடுகள். வெங்காயக்காரர் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மா, அது யாரு நிலம்னு தெரியுமா? தலைவரோடது!"

அவளும் யோசித்தாள், டேப்பைச் சுருட்டி முடிக்கிற வரைக்கும்தான். நேராக மன்ற அலுவலகத்துக்குப் போனாள்.

"மறுபடியுமா?" என்றார் தலைவர்.

"போன தடவை எம்பத்தெட்டு அடி தப்பாயிடுச்சுங்க. ஏன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு." சங்கிலி தேய்ந்த கதையை எல்லாம் சொன்னாள். "இடம் இப்போ உங்க மேய்ச்சல் நிலத்துல வருது. உங்க அனுமதி வேணும்."

"அப்பவும் ஒண்ணும் கிடைக்கலேன்னா? அடுத்து என் வீட்டு அடுப்படியத் தோண்டணும்பீங்களா?"

"கிடைக்கலேன்னா அந்தப் பள்ளத்தோட ஓரத்துலயே நின்னு உங்க வரைபடத்துல கையெழுத்துப் போடுறேன். அடிவாரத்துக்கும் போறேன்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இனித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கேட்டால் கசக்கவா போகிறது? அனுமதிக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி மணியடித்தார். நாத்தனார் அதை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

புதன்கிழமை கூட்டம் போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது. கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதே நான்கு பணியாளர்கள். ஓரடி, இரண்டடி. மூன்றாவது அடியில் மண்வெட்டியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வெட்டியவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"சுண்ணாம்பு!"

கூட்டம் பள்ளத்தை நெருங்கி வந்தது. நாலடிக்குக் கொஞ்சம் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. பணியாளர்கள் கையால் மண்ணைத் தள்ளினார்கள். செதுக்கிய கல் ஒன்று, அதை ஒட்டி அடுத்த கல், அதற்கடுத்தது சற்றே வளைந்து. ஒரு மணி நேரத்தில் வட்டம் முழுதாகத் தெரிந்தது. உள்ளே வண்டல் நிறைந்த கிணறு. உள்விளிம்பில் ஓரிடத்தில், கயிறு உரசி உரசி மூன்று விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை பேர், எத்தனை நாள் நீர் இறைத்தால் கல்லில் அப்படி ஒரு தடம் விழும்!

ஊர் ஆரவாரம் செய்தது. சங்கிலியக்கா அதற்குள் டேப்போடு பள்ளத்தில் இறங்கியிருந்தாள். கிணற்று நடுவுக்கும் தான் காட்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். நிமிர்ந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"பதினாலு அங்குலம் தள்ளியிருக்கு" என்றாள்.

"ரெண்டரை மைலுக்கு மேல நடந்து வந்து பதினாலு அங்குலத்துக்கு அழறா பாரு!" என்றார் கணவர்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் பள்ளத்துக்குள் இறங்கினார். குனிந்து கயிற்றுத் தடத்தில் விரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்து, கைகளைத் தட்டி மண்ணை உதறிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நம்ம மாவட்டத்தோட முதல் குடியிருப்பு" என்று கணீரென்று ஆரம்பித்தார், "என் நிலத்துலதான் இருந்திருக்குன்னு சொல்றதுல எனக்கு ரொம்பப் பெருமை!"

வெங்காயக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டாது இவருக்கு!"

சங்கிலியக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்; இடம் சரியாக இருந்தால் போதும். அன்றே வரைபடத்தை வரைந்தாள். வாசகத்தை எழுதும்போதுதான் கொஞ்சம் இழுபறி. தூணை மேய்ச்சல் நிலத்துக்கு மாற்ற ஒப்புக்கொண்ட தலைவர், அதில் தன் குடும்பத்தின் பெயரும் வர வேண்டும் என்றார்.

"பத்துக் குடிசைக்காரங்க பேரு நமக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சது நாலு விசயம்தான். குடிசை பத்து. கிணறு. சுண்ணாம்பு சுட்டது. தண்ணி கொடுத்தது. அந்த நாலும் போதும்."

"அப்போ என் கொள்ளுத்தாத்தா சிலைய எடுத்துடச் சொல்வீங்களா?"

"எதுக்கு எடுக்கணும்? அவர் வந்தது நிஜம், வீடு கட்டினது நிஜம். பலகையில 'முதல்' மட்டும் வேணாம். அவர் ஒன்பது வருசம் தாமதம், அவ்வளவுதான்."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அவள் சொன்னபடியே ஆயிற்று. பத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று வரலாற்றுப் புத்தகம் எழுதியவர்கள் கேட்டபோது ஊரில் ஆளுக்கொரு யூகம் சொன்னார்கள்: காய்ச்சல், வறட்சி, சண்டை. சங்கிலியக்கா எதற்கும் தலையாட்டவில்லை. "தெரியலன்னு போடுங்க" என்றாள். கல்பாலத்தின் பூச்சுச் சுண்ணாம்பையும் கிணற்றடிச் சுண்ணாம்பையும் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து இரண்டும் ஒரே சூளைச் சரக்காக இருக்கலாம் என்றபோது மட்டும், "இருக்கலாம்னு சேர்த்துக்கோங்க" என்று அனுமதி கொடுத்தாள்.

மாற்றல் உத்தரவு வரவில்லை. நாத்தனாரின் வேலையும் போகவில்லை. மாவட்ட வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் தட்டச்சு செய்தவள் அவள்தான். அதற்குப் பிறகு இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்போடு கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் களப் புத்தகத்தில் பதினான்கு அடையாளங்கள் இருந்தன. எல்லைக் கற்கள், கைவிட்ட ஒரு குவாரி, பழைய வண்டித்தடம், யாரோ ஒருத்தரின் கல்லறை. சங்கிலிக்கு ஐந்து அங்குலம் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொன்றாகக் கைக்குச் சிக்கின. பத்து வருடத்தில் பதின்மூன்றைக் கண்டுபிடித்தார்கள். சில இடங்களில் நில உரிமையாளர்கள் முறைத்தார்கள். சில இடங்களில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எங்க நிலத்துல ஒண்ணும் இல்லையாக்கா?" என்று ஏக்கத்தோடு கேட்டார்கள்.

பதினான்காவது மட்டும் அகப்படவில்லை. பழைய படகுத்துறையில் படகுகளைக் கயிறு போட்டுக் கட்டிய கட்டுக்கல். அது இருந்த இடத்தின் மேல் இப்போது நீர்த்தேக்கம். "விட்டுடுங்க அண்ணி, பதிமூணு கிடைச்சதே பெரிசு" என்றாள் நாத்தனார். சங்கிலியக்கா விடவில்லை. தேக்கம் கட்டியவர்களின் வரைபடத்தை வாங்கி, தண்ணீருக்கு அடியில் அந்தக் கல் எந்த இடத்தில் இருக்கும் என்று குறித்து, கரையிலிருந்த இரண்டு கம்பங்களிலிருந்து தூரத்தையும் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

அவள் ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது மதகுப் பழுதுக்காகத் தேக்கத்தைத் திறந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் நீர் வடிந்து அடிச்சேறு தெரிந்தது. செய்தி வந்த மறுநாளே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள். கரையில் நாத்தனார் டேப்பின் முனையோடு நின்றாள். அவளுக்கும் இப்போது மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. பேருந்தை நிறுத்திவிட்டு வந்த கணவர், பயணிகளோடு சேர்ந்து வேலியோரம் நின்று பார்த்தார்.

சேறு ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. ஒரு பூட்ஸ் கழன்று உள்ளேயே போய்விட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் நாலடி அண்ணி!" என்று கத்தினாள் நாத்தனார். "இன்னும் ரெண்டு!"

சங்கிலியக்கா நின்றாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, குனிந்து, கையைச் சேற்றுக்குள் விட்டாள். அரை நிமிடம் துழாவினாள். பிறகு அப்படியே குனிந்த நிலையில் தலையை மட்டும் கரைப்பக்கம் திருப்பி, இருபத்திரண்டு பயணிகளுக்கும் ஓர் ஓட்டுநருக்கும் கேட்கும்படி, இரண்டு வயல் தாண்டும் அந்தக் குரலில் கூவினாள்:

"இருக்கு!"